கடித வெடிகுண்டா, வெடிகுண்டுக் கடிதமா?

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியை எதிர்த்த ரூத் ஃபர்ஸ்ட் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் கொன்ற ‘லெட்டர் பாம்’ என்பதை ‘வெடிகுண்டுக் கடிதம்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, “குண்டு வைப்பதாக மிரட்டி வந்த கடிதமா?” என்று கேட்டார். எந்தச் சொல் சரி? அரசியல் தலைவர்களின் பரபரப்பான கடிதங்களையும் செய்திகளில் லெட்டர் பாம் என்கிறார்களே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தோழிக்கு வந்த சந்தேகம் நியாயமானது. தமிழில் கடைசியாக வரும் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. வீட்டுத் தோட்டம் என்றால் தோட்டம், தோட்ட வீடு என்றால் வீடு. அப்படித்தான் ‘வெடிகுண்டுக் கடிதம்’ என்று எழுதினால் கடிதமாகிவிடுகிறது. ரூத் ஃபர்ஸ்டுக்கு வந்தது குண்டு. ஆகவே ‘கடித வெடிகுண்டு’ என்று எழுதுங்கள். ‘கடிதக்குண்டு’ என்று சுருக்கலாம்தான், ஆனால் துப்பாக்கியில் போடுவதும் குண்டுதானே. முதல் முறை வரும் இடத்திலாவது ‘வெடி’ இருக்கட்டும்.

மிரட்டல் கடிதத்தில் எச்சரிக்கை இருக்கிறது, ஓடித் தப்பிக்க நேரம் இருக்கிறது. கடித வெடிகுண்டு தன்னைச் சாதாரணத் தபாலாகக் காட்டிக்கொள்கிறது. பெயரும் முகவரியும் எழுதி வருவதால் யாரும் தயங்காமல் பிரிக்கிறார்கள், பிரிக்கும் கையிலேயே வெடிக்கிறது. மைக்கேல் லாப்ஸ்லி என்ற பாதிரியாருக்கு 1990 ஏப்ரலில், ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில், சமயப் பத்திரிகைகளுக்குள் ஒளித்து வந்தது. இரண்டு கைகளும் ஒரு கண்ணின் பார்வையும் போயின. அவரும் நிறவெறியை எதிர்த்தவர். பாதிரியாருக்கு எது வந்தால் சந்தேகப்பட மாட்டார் என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெட்டியாகவோ கட்டாகவோ வந்தால் ‘பார்சல் வெடிகுண்டு’. மொசாம்பிக் விடுதலைத் தலைவர் எதுவார்தோ மொண்ட்லேன் 1969 பிப்ரவரி 3 அன்று தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இறந்தது அப்படித்தான். புத்தகப் பார்சல் ஒன்றைப் பிரித்தார். பிறகு அவர் பெயரை மொசாம்பிக் தலைநகர் மாபுட்டோவில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வைத்தார்கள். ரூத் ஃபர்ஸ்ட் வேலை பார்த்ததும், 1982 ஆகஸ்ட் 17 அன்று தனக்கு வந்த தபாலைப் பிரித்து இறந்ததும் அதே பல்கலைக்கழகத்தில். உங்கள் கட்டுரையில் இது இல்லையென்றால் அடிக்குறிப்பாகவாவது சேருங்கள்.

ரயிலிலோ சந்தையிலோ யாரோ விட்டுப்போன பொட்டலம் வெடித்தாலும் சிலர் பார்சல் வெடிகுண்டு என்று எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். ஒருவர் பெயருக்குத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பப்பட்டதற்கு மட்டும் இந்தச் சொல்லை வைத்துக்கொள்வோம். கணினிக்காரர்கள் ஒரே முகவரிக்கு மின்னஞ்சல்களைக் கொட்டி முடக்குவதை மெயில் பாம் என்பார்கள், அது வேறு சங்கதி.

அரசியல் கடிதத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. குற்றச்சாட்டுக் கடிதம் என்றே எழுதலாமே, என்ன குறைந்துவிடும்? லாப்ஸ்லியின் கைகளைப் பறித்த பொருளுக்கும் கட்சிச் சண்டைக்கும் ஒரே பெயர் கூடாது.

உங்கள் வாக்கியத்தை இப்படி மாற்றலாம்: “தன் பெயருக்கு வந்த தபாலைப் பிரித்தார், அது கடித வெடிகுண்டு.”