மிச்சம் இருந்த சொட்டு மருந்து

கேள்வி: வலது கண் சிவந்து நீர் வடிந்தது. வீட்டில் ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருக்க, அதைப் போட்டேன். மறுநாளே சிவப்பு குறைந்தது. இப்போது வெளிச்சம் பட்டால் வலிக்கிறது, பார்வையும் மங்கல். வேறு மருந்து போடலாமா?

பதில்: நீங்களாக எதையும் போடாதீர்கள். இன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பாட்டிலும் கையில் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் சொட்டில் பெரும்பாலும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். அது அழற்சியை அடக்கும். வைரஸை ஒன்றும் செய்யாது. வந்திருப்பது ஹெர்பிஸ் என்னும் வைரஸ் தொற்று என்றால், சிவப்பு குறைந்த அதே வேளையில் உள்ளே கருவிழிப் புண் பரவியிருக்கலாம்.

மருத்துவர் முதலில், மரத்துப்போகும் சொட்டு விடுமுன், பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டுப் பார்ப்பார். ஹெர்பிஸில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். பிறகு ஃப்ளோரசின் சாயத்தாளைக் கீழ் இமைக்குள் தொட்டு எடுத்து, நீல ஒளியில் பார்ப்பார். புண் பச்சையாக, மரக்கிளை போலப் பிரிந்து, முனைகள் சற்றே உருண்டு தெரியும். ஸ்டீராய்டு பட்ட கண்ணில் கிளைகள் இணைந்து திட்டாக அகன்றுவிடுவதும் உண்டு.

ஹெர்பிஸ் என்று உறுதியானால் சிகிச்சை: 3% அசைக்ளோவிர் கண் களிம்பு, 1 செ.மீ. நீளம், தினம் 5 முறை. புண் ஆறிய பிறகும் 3 நாள் தொடர வேண்டும். பாதியில் விட்டுவிடாதீர்கள். களிம்பு போட்டதும் கொஞ்ச நேரம் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: கண்வலி வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: பார்வையால் ஒட்டாது, கையால் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி கண் கூச்சத்துக்குத்தான், தடுப்புக்கு அல்ல. பெரும்பாலும் காரணம் அடினோவைரஸ். ஒரு கண்ணில் தொடங்கி சில நாளில் மறு கண்ணுக்கும் வரும். தண்ணீராக வடியும், காதுக்கு முன்னால் நெறி கட்டலாம். கெட்டியான மஞ்சள் பீளை ஓயாமல் வந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம்.

ஆன்டிபயாடிக் சொட்டு இந்த வைரஸுக்குப் பயன்படாது. குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு தினம் 4 முறை, இரண்டு வாரப் பொறுமை, அவ்வளவுதான். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். துண்டு, தலையணை உறை தனியாக இருக்கட்டும். கையைச் சோப்புப் போட்டே கழுவுங்கள்; இந்த வைரஸ் சானிடைசருக்கு எளிதில் மசியாது. சிவப்பு போன பின்னும் பார்வை மங்கி, விளக்கொளி சிதறினால் கருவிழியில் புள்ளிகள் விழுந்திருக்கலாம். அதற்கு மருத்துவரிடம் மறுபடி போக வேண்டும்.