நரம்பியல் வேறுபாடுள்ள சிறுவன் துப்பறியும் நாவலை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது?

மூளை தகவல்களைக் கையாளும் விதம் பெரும்பாலோரிடமிருந்து மாறுபட்டிருப்பதையே நரம்பியல் வேறுபாடு என்கிறோம். ஆட்டிசம் அதில் ஒரு வகை. இடது கைப் பழக்கக்காரர் வலது கைக் கத்தரிக்கோலால் துணி வெட்டித் திணறுவதை நினைத்துப் பாருங்கள். கையில் கோளாறில்லை, கத்தரிக்கோல்தான் அவருக்காகச் செய்யப்படவில்லை.

துப்பறியும் கதை ஏன்? மற்ற கதைகளில் இப்படிப்பட்ட சிறுவன் பெரும்பாலும் பரிதாபத்துக்குரியவனாகிவிடுவான். இங்கே மர்மம் அவிழ வேண்டுமென்றால் நாம் அவன் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். ஷிவான் டௌட் எழுதிய ‘தி லண்டன் ஐ மிஸ்டரி’ (2007) நல்ல உதாரணம். லண்டனில் உள்ள ‘லண்டன் ஐ’ என்ற ராட்சத ராட்டினத்தில் ஏறிய சலீம் என்ற சிறுவன், அரை மணி நேரச் சுற்று முடிந்து கூண்டின் கதவு திறக்கும்போது காணவில்லை. அவனைத் தேடும் டெட், வானிலை என்றால் உயிரை விடுபவன். கணினியைப் போல, தன் மூளை வேறொரு இயங்குதளத்தில் ஓடுவதாகச் சொல்பவன்.

கதவு திறக்கும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். மாணவர்களின் ஊகங்களைக் கரும்பலகையில் எழுதி, சான்று வர வர ஒவ்வொன்றாக அடிக்கச் சொல்லுங்கள். டெட் செய்வதும் அதுதான். சொல்லை அப்படியே பொருள் கொள்ளும் அவன் பழக்கத்தைப் பேசும்போது, ‘தலையைத் தின்னாதே’ போன்ற நம் வழக்குகளையும் அலசலாம், சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எல்லோரும் டெட்டைப் போலப் புதிர் அவிழ்ப்பதில் கெட்டிக்காரர்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டெட் ஒருவன், உங்கள் வகுப்பில் இருப்பவன் வேறொருவன்.