வாசகர் கேள்வி: எட்டுப் பேருக்கு ஒரு கதையா?

கேள்வி: இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன் நான். எனக்கு ஹீரோ என்றால் ஒருவர்தான். என் மகள் எக்ஸ்-மென் காமிக்ஸாக வாங்கி அடுக்குகிறாள். ஒரே கதையில் ஏழெட்டு ஹீரோக்கள் முட்டி மோதுவதில் அப்படி என்ன சுவை? படித்துப் பார்க்க ஒரே ஓர் இதழ் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: யோசிக்கவே வேண்டாம். 'எக்ஸ்-மென்' 137ஆவது இதழ், செப்டம்பர் 1980. எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட், வரைந்தவர் ஜான் பைர்ன். பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு மறுபதிப்பாக எனக்குக் கிடைத்தது. இன்றும் ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துவிடுகிறேன்.

கதை இதுதான். 1963இல் வந்த முதல் இதழிலேயே அணியில் சேர்ந்த பெண் ஜீன் கிரே. ஃபீனிக்ஸ் என்ற பெருஞ்சக்தி அவளிடம் கட்டுமீறிப் போய், 135ஆவது இதழில் ஒரு விண்மீனையே விழுங்குகிறாள். அதைச் சுற்றிய ஒரு கிரகத்தில் 500 கோடி உயிர்கள் அழிகின்றன. ஷியார் என்ற வேற்றுக்கிரக இனத்தின் பேரரசி லிலாண்ட்ரா அவளுக்கு மரண தண்டனை விதிக்கிறாள். எக்ஸ்-மென் அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியர், ஷியார்களின் வழக்கப்படியே சண்டைக்கு அறைகூவல் விடுகிறார். இடம் சந்திரன். பேரரசியின் காவல்படையை எக்ஸ்-மென் ஜெயித்தால் ஜீன் பிழைப்பாள்.

சண்டைக்கு முன் எல்லோருக்கும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் இதழின் உயிரே அந்தப் பக்கங்கள்தான். ஆளுக்கொரு மூலையில் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அவள் நம் தோழி, சரி. செத்துப்போன 500 கோடிப் பேருக்கு யார் பதில் சொல்வது? கேள்வி எல்லோருக்கும் ஒன்று, மனசு ஆளுக்கு ஆள் வேறு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அண்ணன் ஒரு மாதிரி, தங்கை ஒரு மாதிரி, மருமகள் ஒரு மாதிரி உடைந்துபோவதில்லையா, அப்படி. மாயாவி தனி ஆள். அவர் தயங்கினால் தயக்கம் அவரோடு போயிற்று. அணிக்கதையில் ஒரே தயக்கத்தை எட்டு முகங்களில் பார்க்கிறோம். உங்கள் மகளைப் பிடித்து வைத்திருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஜீன் அறையிலிருந்து வெளியே வருகிறாள். ஃபீனிக்ஸ் உடை இல்லை. சின்னப் பெண்ணாக அணியில் இருந்த காலத்தில் போட்ட அந்தப் பழைய பச்சை உடை, மஞ்சள் முகமூடி. அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சாகப் போகிற நேரத்தில் தான் யாராக இருக்க ஆசைப்படுகிறாள் என்பது அந்த உடையிலேயே இருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்ட எனக்கு எப்போதும் நேரமாகும்.

சண்டை நன்றாகவே வரையப்பட்டிருக்கிறது, ஆனால் அதைவிட முக்கியம் அது முடிகிற விதம். நம்மாட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் காதலன் ஸ்காட்டும் விழ, அவளுக்குள் ஃபீனிக்ஸ் மறுபடி எழுகிறது. அதுவரை அவளுக்காகப் போராடிய அணியையே அவளைத் தாக்கச் சொல்கிறார் சேவியர். அவளோ அங்கே இருந்த பழைய ஆயுதம் ஒன்றைத் தன் மனோசக்தியால் இயக்கி, ஸ்காட்டின் கண் முன்னே தன்னை முடித்துக்கொள்கிறாள்.

முதலில் வரைந்த முடிவு வேறு. சக்தியைப் பிடுங்கிவிட்டு அவளை உயிரோடு அனுப்பிவிடுவார்கள். தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்பவில்லை. இத்தனை உயிர்களைக் கொன்றவளுக்கு இது தண்டனையே அல்ல என்றார். கடைசிப் பக்கங்களை மாற்றினார்கள். பழைய முடிவு 1984இல் தனி இதழாக வெளிவந்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஷூட்டர் செய்தது சரி.

கேள்வி: இத்தனை பேரில் யார் பேசுகிறார் என்றே எனக்குப் பிடிபடுவதில்லையே?
- அதே வாசகர்

பதில்: பேச்சைக் கவனியுங்கள். நைட்கிராலர் பேச்சில் ஜெர்மன் கலந்து வரும். கொலோசஸ் ரஷ்யர், 'தோவரிஷ்' என்று தோழரைக் கூப்பிடுவார். வுல்வரின் பேசினால் வார்த்தை குறைவு, வெட்டு அதிகம். நாலு பக்கம் போனால் முகத்தைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவீர்கள். 137ஐ நேரே எடுக்கத் தயக்கமாக இருந்தால் இந்தக் கதை ஆரம்பிக்கும் 129இல் தொடங்குங்கள், மொத்தம் ஒன்பது இதழ்தான். மகளிடமே இருக்கும், கேட்டுப் பாருங்கள்.