பேசி முடிக்கும் விஷயமில்லை, டீச்சர்

வணக்கம் சேர்,

நான் மலையகத்தில் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பற்றி இருபது நிமிட நாடகம் போட யோசித்திருக்கிறோம். நீங்கள் எழுதித் தந்தால் பெரிய உதவி. கமரா பூட்டவும் பழைய மாணவர்களிடம் கேட்டிருக்கிறோம், அது சரிதானா? விசேட கல்விப் பிரிவில் 19 வயதுப் பையன் ஒருவர் இருக்கிறார், அவருடைய பாதுகாப்புக்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.

நாடகத்துக்கு ஒரு காரணம் உண்டு. பின்னேர வகுப்பு எடுக்க வெளியிலிருந்து வரும் ஒருவரைப் பற்றி தரம் 7 பிள்ளையொன்று வகுப்பாசிரியையிடம் ஏதோ சொல்லியிருக்கிறது. அதிபர் பிள்ளை, தகப்பன், அந்த ஆள் மூவரையும் கூப்பிட்டு விசாரித்தார். இனி வரவேண்டாம் என்று அந்த ஆளிடம் சொல்லிவிட்டார். பிள்ளையும் இப்போது அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்கிறது. பேசி முடிந்துவிட்டது. இருந்தாலும் விழிப்புணர்வு தேவைதானே?

*

அன்புள்ள டீச்சர்,

முதலில் ஒரு விஷயம். உங்கள் கடிதத்தில் அந்தப் பிள்ளையின் பெயர், தோட்டத்தில் எந்த டிவிஷன், தகப்பன் பார்க்கும் வேலை எல்லாம் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். பாதுகாப்பைப் பற்றி எழுதும் கடிதத்திலேயே ஒரு பிள்ளையை ஊருக்குக் காட்டிக்கொடுக்க முடியும் என்பதை நீங்கள் யோசித்திருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ‘இன்ன வகுப்புப் பிள்ளை, தகப்பனுக்கு இன்ன வேலை’ என்றால் பெயரே தேவையில்லை. நான் தனியாக எழுதிய மடலைப் பார்த்து நீங்கள் சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கமான 1929க்கு அழைத்துவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகே இந்தப் பதிலை வெளியிடுகிறேன். இந்தப் ‘பேசி முடித்தல்’ பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடந்தது. உங்கள் கடைசிப் பத்தி அதைக் கிளப்பிவிட்டது.

நாடகம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், போடுங்கள். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ‘வேண்டாம்’ என்று கத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காட்டாதீர்கள். இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்: சோறு போடுகிறவர், பாடம் சொல்லித் தருகிறவர், கோயிலில் முன்னுக்கு நிற்கிறவர். உங்கள் பிள்ளை நாடகம் பார்க்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு என்ன நடந்தது என்பதுதான் உங்கள் பாடசாலையின் பிரச்சினை. கமரா வராந்தாவைப் பார்க்கும். நடப்பது வராந்தாவில் அல்ல. அந்தக் காசில் கீழே சரிவில் இருக்கும் மலசலகூடக் கதவுகளுக்குக் கொளுக்கி போடுங்கள்.

இனி அந்த விசாரணை. சிறுவர் பாதுகாப்பில் பாடசாலைகள் செய்யும் ஆகப் பெரிய கேடு இதுதான். அதுவும் நல்ல எண்ணத்தோடு செய்வது. அந்த அறையை யோசித்துப் பாருங்கள். அதிபரின் மேசை. ஒரு பக்கம் பிள்ளை, பக்கத்தில் பேச்சு வராமல் தகப்பன், எதிரே அந்த ஆள். ‘இவர் என்ன செஞ்சாரு, சொல்லு’ என்று கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? நிலத்தைப் பார்க்கும். இரண்டாம் முறை கேட்டால் ‘ஒண்ணுமில்ல சேர்’ என்னும். அதை ஒப்புதல் என்று எழுதி, தகப்பனிடம் கையெழுத்தும் வாங்குவீர்கள். பிள்ளை பின்வாங்கியதற்குக் காரணம் பொய் சொன்னதல்ல, பயந்துவிட்டது. இடைவேளை மணியில் நடக்கும் இந்த விசாரணை, பள்ளிக்கூடம் விடுவதற்குள் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் போய்ச் சேரும். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் தாயின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அந்த ஆளுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? முன்னறிவிப்பு. போனில் இருந்ததை அழிக்க ஒரு இரவு, தகப்பனோடு பேச ஒரு வாரம். ‘இனி வரவேண்டாம்’ என்றீர்கள். அவர் அடுத்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வகுப்புத் தொடங்குவார். அங்கே உள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பாடசாலையைக் காப்பாற்ற இன்னொரு பாடசாலைப் பிள்ளைகளை விலையாகக் கொடுத்திருக்கிறீர்கள். கோபிக்காதீர்கள், இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

சட்டமும் உங்கள் அதிபர் பக்கம் இல்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் போன்ற குற்றங்கள் இரு தரப்பும் கைகுலுக்கித் தீர்ப்பவை அல்ல. தகராறுகளைப் பேசித் தீர்த்து வைக்கும் இணக்க சபையாலும் தீர்க்க முடியாது, தோட்டத் தலைவராலும் முடியாது. இன்னொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தன் பொறுப்பிலுள்ள இடம் சிறுவர் துஷ்பிரயோகத்துக்குப் பயன்படுகிறது என்று அறிந்தவர் உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். பின்னேர வகுப்பு நடந்த மண்டபத்தின் திறப்பு யாரிடம் இருந்தது என்று அதிபரிடம் கேளுங்கள். ‘கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் கட்டி வைத்துவிடலாம்’ என்று சில இடங்களில் சொல்வார்கள். பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சரி, அந்த வகுப்பாசிரியை என்ன செய்திருக்க வேண்டும்? கேட்க வேண்டும், எழுத வேண்டும், அறிவிக்க வேண்டும். இந்த மூன்றுக்கு மேல் ஒன்றும் அவருடைய வேலை இல்லை. உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பது வேறு ஆட்களின் வேலை.

கேட்பதென்றால் வாயை மூடிக்கொண்டு கேட்பது. பிள்ளை தொடங்கியதும் புத்தகங்களைக் கீழே வைத்துவிட்டு, மற்றவர்கள் பார்க்கக்கூடிய, ஆனால் காதில் விழாத இடத்தில் உட்காருங்கள். ‘யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், நீங்கள் சொல்லித்தான் ஆகவேண்டும். ‘நீ சொன்னது நல்லது. இது உன் பிழை இல்லை. உதவி செய்யக்கூடியவங்ககிட்ட நான் சொல்லணும். யாருகிட்டனு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்பது போதும். கேள்வி கேட்டால் ‘என்ன நடந்தது?’, ‘பிறகு?’ அவ்வளவுதான். ‘அங்க தொட்டாரா?’ என்று நீங்கள் சொல் எடுத்துக் கொடுத்தால், அந்தச் சொல் நாளை நீதிமன்றத்தில் உங்களுடையதாகத்தான் எண்ணப்படும். பிள்ளைக்குக் காயம் இருக்கிறதா, இன்றைக்கு வீட்டுக்குப் போவது பத்திரமா என்ற இரண்டை மட்டும் நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். உடையை விலக்கிப் பார்க்காதீர்கள். போனில் படம் எடுக்கவே கூடாது.

எழுதுவதுதான் எல்லோரும் தவறவிடுவது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதே மணித்தியாலத்துக்குள் எழுதுங்கள். கொப்பித் தாள் போதும், பேனையால் எழுதுங்கள். திகதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர்கள். பிறகு பிள்ளை சொன்னது, பிள்ளையின் வாயில் வந்தபடியே. ‘வகுப்பு முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் அந்த சேர் என்னைய மட்டும் இருக்கச் சொன்னாரு’ என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். ‘மாணவி பாலியல் தொந்தரவுக்குள்ளானதாகத் தெரிவித்தார்’ என்று செந்தமிழாக்கினால் அந்தத் தாளுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் அந்தக் கொச்சை வாக்கியத்தில் இருக்கின்றன, உங்கள் அழகான வாக்கியத்தில் இல்லை. உடலுறுப்புக்குப் பிள்ளை சொன்ன சொல் கூச்சமாக இருந்தாலும் அதே சொல்தான். நீங்கள் கேட்ட கேள்வியையும் எழுதுங்கள். பிள்ளை எப்படி இருந்தது என்பதில் கண்ட மட்டும்: ‘கையைப் பிசைந்துகொண்டிருந்தாள், இரண்டு முறை அழுதாள்.’ ‘பயந்த சுபாவம்’, ‘கொஞ்சம் துடுக்கு’ போன்ற உங்கள் தீர்ப்புகள் வேண்டாம். பிழை விட்டால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சிறு கையெழுத்து வையுங்கள். வெள்ளை மை பூசினால் எதை மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும். பிறகு அழகாகத் திரும்ப எழுதி, முதல் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். அந்தக் கசங்கிய முதல் தாள்தான் வேண்டும். அசல் பொலிசுக்கு, பிரதி உறையில் ஒட்டி அதிபரின் பூட்டிய அலுமாரிக்கு. ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டால், எழுதியதன் பயன் முழுக்கப் போயிற்று.

ஒரு பிள்ளையைப் பலமுறை சொல்ல வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். வகுப்பாசிரியை, உப அதிபர், அதிபர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், பொலிஸ், டொக்டர் என்று ஆறு பேரிடம் ஆறு விதமாக வந்ததை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அடுக்கிக் காட்டுவார். இதற்காகத்தான் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தைக் காணொளியாகப் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999இல் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. பாடசாலை அதற்கு முன்பே பிள்ளையைக் களைத்துப் போக வைத்துவிட்டால் அந்தச் சட்டம் இருந்தும் பயனில்லை.

அறிவிப்பது: 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. எந்த நேரமும் அழைக்கலாம், காசு இல்லை, தமிழில் பேசலாம். பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்கு 109. அதிபரின் அனுமதி தேவையில்லை, பெற்றோர் முறைப்பாடு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நன்னடத்தை உத்தியோகத்தரையும் அவர் வழியாகப் பிடிக்கலாம். பொலிசில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள், வாக்குமூலம் தமிழில் என்று கேளுங்கள். இது சலுகை இல்லை, தமிழ் அரசகரும மொழி. வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே தாயைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள். வாசித்து விளங்கப்படுத்திய பிறகுதான் கையெழுத்து. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடந்து மூன்று நாளுக்குள் என்றால் முதலில் ஆஸ்பத்திரி. அங்குள்ள பொலிஸ் காவலரண் மூலமே சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டலாம். குளிப்பாட்ட வேண்டாம், உடுத்த உடுப்பைக் கழுவ வேண்டாம். உடுப்பைக் காகிதப் பையில் போடுங்கள். நம்முடைய மலைநாட்டு ஈரத்தில் பிளாஸ்டிக் ஷொப்பிங் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து, எடுக்க வேண்டிய தடயம் கெட்டுவிடும்.

தாயிடம் எப்போது சொல்வது என்பதை 1929இலேயே கேளுங்கள், வீட்டு நிலைமையைப் பொறுத்து அவர்கள் சொல்வார்கள். ஆனால் மலையில் கொழுந்து எடுக்கும் தாய்க்குக் கங்காணி மூலம் ஆள் அனுப்பாதீர்கள். ஒரு ஆசிரியை நேரில் போய், வேறொரு காரணம் சொல்லித் தனியாகக் கூட்டிவந்து சொல்ல வேண்டும்.

‘ஆசிரியர்கள் மேல் பொய்ப் புகார் வந்தால்?’ என்று உங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அதே நேர்மையான தாள்தான் அவரையும் காப்பாற்றும். தனியாக ஒரு பிள்ளையை ஆசிரியர் குவார்ட்டஸைக் கூட்டிப் பெருக்க, தேத்தண்ணி கொண்டுவர அனுப்பும் பழக்கத்தை அவர் நிறுத்தட்டும். சனிக்கிழமை வகுப்பென்றால் இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், வெளியாருக்கு மண்டபம் கொடுப்பதென்றால் பெயர், அடையாள அட்டை இலக்கம், முன்பு எங்கே படிப்பித்தார் என்பதெல்லாம் எழுதி வாங்கி அந்த இடத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். பிரம்பையும் கீழே வைக்கச் சொல்லுங்கள். உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தடுத்திருக்கிறது. அதைவிட, அடிக்கிறவரிடம் எந்தப் பிள்ளை போய் வாய் திறக்கும்?

உங்கள் 19 வயதுப் பையன் பற்றி, சுருக்கமாக. வயது 18 தாண்டியவர் என்பதால் சிறுவருக்கான வழி அவருக்கு அப்படியே பொருந்தாது. பொலிசும் பிரதேச செயலகச் சமூக சேவைகள் உத்தியோகத்தரும்தான் வழி. மலசலகூடம், உடை மாற்றல் போன்ற உதவியை யார் செய்வது என்று இரண்டு பேரை மட்டும் பெயர் குறித்து எழுதி வையுங்கள். பேச்சு வராதவர் என்றால், எப்போதும் கூட இருக்கும் ஒருவரே அவருக்காகப் பேசுவதை மட்டும் நம்பாதீர்கள். படம் காட்டி, சைகையால் அவரிடமே கேட்கப் பழகுங்கள். ஒரு இடத்துக்குப் போக மறுத்தால், ஒரு ஆளைக் கண்டு ஒதுங்கினால், அதையும் திகதி போட்டு எழுதுங்கள்.

இனி அந்தப் பிள்ளை. ‘அவமானம்’ என்று வேறு பாடசாலைக்கு மாற்றச் சொல்வார்கள், விடாதீர்கள். அவள் இருந்த வாங்கிலேயே, அதே கூட்டாளியோடு இருக்கட்டும். வகுப்பில் யாராவது கிசுகிசுத்தால் கிசுகிசுத்தவரோடு பேசுங்கள், அவளோடு அல்ல. அவள் பழையபடி சிரித்தால் ‘பாரு, ஒண்ணும் நடக்கல’ என்று யாரும் சொல்லக்கூடாது. வழக்கு வந்தால் தவணைகள் பாடசாலை நாட்களில்தான் வரும், வருடக்கணக்கில் வரும். அன்றன்றைக்குப் போன பாடத்தை யார் சொல்லித் தருவது என்று இப்போதே ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். வரவு இடாப்பில் அந்த நாட்களுக்குக் காரணம் எழுத வேண்டாம், ‘அனுமதி பெற்ற விடுமுறை’ என்று மட்டும் போடுங்கள். அந்த இடாப்பை மற்றப் பிள்ளைகள்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.