கிழக்குத் திமோர் கால்பந்து அணிக்கு ஆசியக் கோப்பையில் ஏன் தடை விதித்தார்கள்?

ஞானஸ்நானச் சான்றிதழ்தான் காரணம் என்றால் நம்புவீர்களா?

2005-இல் ஃபிஃபாவில் சேர்ந்த இந்த அணி பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. முதல் வெற்றி 2012-இல் கம்போடியாவுக்கு எதிராகக் கிடைத்தது. அந்தக் காலத்தில் அணி நிறையப் பிரேசில்காரர்கள். இரு நாடுகளிலும் போர்த்துகீசியம் ஆட்சிமொழி, மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்; பெயரைப் பார்த்து எவருக்கும் சந்தேகம் வராது. பெற்றோர் திமோரில் பிறந்ததாகச் சொல்லும் பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும், களமிறங்கலாம்.

2015-இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 1-1 எனச் சமன் செய்த பாலஸ்தீனம் புகார் கொடுத்தது. விசாரித்ததில் பன்னிரண்டு வீரர்களின் சான்றிதழ்கள் போலி என்று தெரிந்தது. 2017-இல் ஆசியக் கூட்டமைப்பு 2023 ஆசியக் கோப்பையிலிருந்து அணியை நீக்கியது. இத்தனைக்கும் அந்த வீரர்களை வைத்துக்கொண்டு ஒரு கோப்பையும் வெல்லவில்லை!