ஒரே நாளில் ஐந்து இன்கா இடங்களா? உங்களுக்கு இரண்டு போதும்

கேள்வி: டல்லாஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஜூலையில் நாங்கள் இருவர் மட்டும் பெரு போகிறோம். காலை விமானத்தில் குஸ்கோ இறங்கி அன்றிரவு அங்கேயே தங்கல். மறுநாள் முழுக்க, ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் பள்ளத்தாக்கு, சாயங்காலம் ஒயாந்தாய்தம்போவில் மச்சு பிச்சு ரயில். அந்த ஒரு நாளில் பீசாக், சிஞ்சேரோ, மொராய், மாராஸ், ஒயாந்தாய்தம்போ ஐந்தையும் காட்டிவிடுவதாக டூர்க்காரர் சொல்கிறார். கணவர் (61) பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குக் கல் கட்டுமானம் பார்க்க வேண்டும். எனக்கு (55) நெசவு பார்க்க வேண்டும், முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவம். இந்தத் திட்டம் சரிப்படுமா?

பதில்: ஐந்தையும் காட்டுவார்கள், அதில் பொய் இல்லை. நான் முதல் தடவை போனபோது அப்படித்தான் போனேன். காலை ஏழுக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பியதில் எனக்கு இன்றைக்கும் தெளிவாக ஞாபகம் இருப்பது வண்டியின் சறுக்குக் கதவும், "இன்னும் பத்து நிமிடம்தான்" என்று வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதும்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஐந்து இடம் என்று கேட்டு வாங்கியது நான். உங்கள் இருவருக்கும் நான் சொல்வது: பீசாக்கும் ஒயாந்தாய்தம்போவும் போதும். நெசவை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் பெரிய விஷயம், உயரம். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோர ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பெருவின் தலைநகர் லீமாவோ கடற்கரை ஊர். அங்கிருந்து ஒன்றரை மணி நேர விமானத்தில் நேராக இவ்வளவு மேலே போய் இறங்கி, அன்றிரவே அங்கே படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வர நல்ல வாய்ப்பு உண்டு. சோரோச்சே என்பார்கள் அங்கே. வயதோ உடற்பயிற்சியோ இதைத் தடுப்பதில்லை, மாரத்தான் ஓடுகிறவர்களும் படுத்துவிடுவார்கள். ஆனால் புனிதப் பள்ளத்தாக்கு என்கிற உருபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு குஸ்கோவைவிடத் தாழ்வானது. பீசாக் ஊர் 3,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே, ஒயாந்தாய்தம்போ 2,800-ஐ ஒட்டி, மச்சு பிச்சு இன்னும் கீழே 2,430. அதனால் குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் டாக்சி பிடித்து நேராக பீசாக் போய்விடுங்கள், சுமார் ஒரு மணி நேரப் பயணம். அன்றிரவு அங்கேயே தங்குங்கள். குஸ்கோவைக் கடைசியில், உடம்பு பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்பதிவு செய்த குஸ்கோ அறையை மகளிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், இந்தப் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இந்த உயரக் கோளாறுக்கு அசிட்டசோலமைடு மாத்திரை உதவும். வழக்கமாக ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். ஆனால் உங்கள் கணவரின் ரத்த அழுத்த மாத்திரை சிறுநீர் பிரியச் செய்யும் வகையாக இருந்தாலோ, யாருக்காவது சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தாலோ பிரச்சினை வரலாம், எனவே மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். முதல் நாள் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், மெதுவாக நடங்கள்.

இப்போது அந்த ஒரு நாள். பீசாக்கில் தங்கியிருப்பதால் உங்களுக்கு ஒரு லாபம்: இடிபாடுகள் காலை ஏழு மணிக்குத் திறக்கும், குஸ்கோவிலிருந்து பேருந்துகள் வந்து சேர ஒன்பதுக்கு மேலாகும். இடைப்பட்ட நேரம் மலை உங்களுடையது. ஊரிலிருந்து டாக்சியில் மேல் நுழைவாயில் வரை போய்விடலாம். அங்கிருந்து ஊர் வரை படியில் இறங்கி வருவது அழகான நடைதான், ஆனால் செங்குத்து, உங்கள் முழங்காலுக்கு ஆகாது. டாக்சியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலே கொஞ்ச தூரம் நடந்து, முடிந்தால் இந்திவத்தானா பகுதி வரை போய் அதே வழியில் திரும்புங்கள். இந்திவத்தானா என்றால் சூரியனைக் கட்டிவைக்கும் இடம் என்று பொருள். போகும் பாதை குறுகல், சில இடங்களில் ஒரு பக்கம் பள்ளம். ஊன்றுகோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் மலைச்சரிவில் குழி குழியாகத் தெரிவது கல்லறைகள், கொள்ளையர் கிளறிப் போட்டுவிட்டுப் போனவை.

பீசாக்கில் உங்கள் கணவர் பார்க்க வேண்டியது கோயிலைவிட வயல்களை. மலை முழுக்க வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் படிவயல்கள் வெறும் மண் வெட்டி நிரவியவை அல்ல. கல் சுவர் எழுப்பி, அடியில் பெரிய கல், மேலே சரளை, அப்புறம் மணல், கடைசியில் வளமான மண் என்று அடுக்கியிருக்கிறார்கள், அதனால்தான் மழைநீர் தேங்காமல் வடிந்து, சுவர் சரியாமல் ஐநூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. பகலில் வெயிலை வாங்கிய கல் இரவில் சூட்டை விடும், பனியில் பயிர் கருகாது. சுவர்கள் எல்லாம் சற்று உள்பக்கம் சாய்ந்திருப்பதையும், வாசல்கள் கீழே அகன்று மேலே குறுகியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நிலநடுக்க நாட்டின் கட்டுமானம் அது. 1950-இல் குஸ்கோவை உலுக்கிய நிலநடுக்கத்தில் சாந்தோ தோமிங்கோ மடம் பெரும் சேதமடைந்தது. அது எந்த இன்கா கோயிலின் மேல் கட்டப்பட்டதோ அந்தக் கொரிகாஞ்சாவின் சுவர் அசையாமல் நின்றது.

பத்தரை வாக்கில் கீழே இறங்கி பீசாக் சந்தையில் ஒரு சுற்று. முன்பு வாரத்தில் சில நாள் மட்டும் கூடியது, இப்போது தினமும். அங்கே "பேபி அல்பாக்கா" (ஒட்டக இனத்து விலங்கொன்றின் மென்மையான கம்பளி) என்று சொல்லி விற்கும் பலவும் ஆலையில் நெய்த செயற்கை இழை, அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

பீசாக்கிலிருந்து ஒயாந்தாய்தம்போ ஆற்றோரமாக ஒன்றரை மணி நேரம். நடுவில் உருபம்பாவில் சாப்பாடு. சைவம் கஷ்டமில்லை, ஆனால் "கார்னே இல்லாமல்" என்று கேட்டால் மாட்டிறைச்சி மட்டும் போடாமல் கோழிச் சாற்றில் செய்த சூப் வரும், அங்கே கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சிதான். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் சொல்லுங்கள், கோழியும் மீனும் வேண்டாம் என்றாகிவிடும். கினோவா தானிய சூப் கிடைக்கும். சோக்லோ என்கிற அவித்த சோளம் அவசியம் சாப்பிடுங்கள், ஒவ்வொரு மணியும் நம் கட்டைவிரல் நகம் அளவு, இந்தப் பள்ளத்தாக்கின் பெருமையே அதுதான். கூடவே பாலாடைக்கட்டித் துண்டு தருவார்கள். ரொகோத்தோ மிளகாயைக் குடைமிளகாய் என்று நினைத்துக் கடித்துவிடாதீர்கள், நம் வாய்க்கே காரம்.

வழியில் சில வீட்டு வாசலில் நீளக் கம்பு நுனியில் சிவப்புத் துணியோ சிவப்பு பிளாஸ்டிக் பையோ கட்டியிருக்கும். உள்ளே சிச்சா தயார் என்று அர்த்தம், முளைகட்டிய சோளத்தில் செய்யும் இலேசான கள். குடிக்கும்முன் சில துளிகளைத் தரையில் விடுவார்கள், பச்சமாமா என்கிற பூமித்தாய்க்கு. அது சுற்றுலாப் பயணிக்கான வேஷம் இல்லை, தனியாக இருக்கும்போதும் செய்வார்கள். கள் வேண்டாம் என்றால் ஊதாச் சோளத்தில் செய்யும் சிச்சா மொராதா வாங்குங்கள், அதில் போதை கிடையாது.

ஒயாந்தாய்தம்போவை இரண்டு மணிக்குள் பிடித்துவிட்டால் மூன்று மணி நேரம் இருக்கும். இங்கேதான் உங்கள் கணவரை இழுத்து வருவது கஷ்டமாகப் போகிறது. மேலே சூரியக் கோயில் என்று சொல்லப்படும் இடத்தில் இளஞ்சிவப்பு ரயோலைட் கல்லில் ஆறு பெரும் பலகைகள் வரிசையாக நிற்கின்றன, பெரியது 50 டன்னுக்கு மேல். கல் எடுத்த இடம் ஆற்றுக்கு அக்கரையில் எதிர் மலை மேலே, கச்சிகாத்தா. அங்கே வெட்டி, மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி இந்த மலையில் ஏற்றியிருக்கிறார்கள், சக்கர வண்டியும் இல்லை, இரும்புக் கருவியும் இல்லை. வழியிலேயே நின்றுபோன கற்கள் இன்றும் கிடக்கின்றன, களைத்த கற்கள் என்று அவற்றுக்குப் பெயர். எப்படிச் செதுக்கினார்கள் என்பதற்கு வேற்றுக்கிரகக் கதைகள் தேவையில்லை: பெர்க்லியில் கட்டடக்கலைப் பேராசிரியராக இருந்த ழான்-பியேர் புரோட்சன் கடினமான உருண்டைக் கற்களாலேயே அடித்து அடித்துக் கல்லைச் சமன் செய்து காட்டியிருக்கிறார். கோயில் முடியவில்லை என்பதுதான் பார்ப்பவருக்கு அதிர்ஷ்டம். வேலை பாதியில் நின்ற கட்டுமானத் தளத்தைப் பார்ப்பது மாதிரி இருக்கும், பொறியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மேலே போக இருநூறு படிக்கு மேல். உங்களால் முடியாவிட்டால் அவர் மட்டும் ஏறட்டும், நீங்கள் கீழே நீரூற்றுகள் பக்கம் இருங்கள், இழப்பு ஒன்றுமில்லை. 1537 தொடக்கத்தில் எர்னாந்தோ பிசாரோவின் ஸ்பானியப் படை இந்தச் சமவெளிக்கு வந்தபோது, இன்கா அரசர் மான்கோ இன்காவின் ஆட்கள் மேலிருந்து கல்லும் அம்புமாகப் பொழிந்ததோடு ஆற்றைத் திருப்பிவிட்டு நிலத்தைச் சேறாக்கினார்கள், குதிரைகள் நகர முடியாமல் படை பின்வாங்கியது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்தச் சமவெளியின் ஓரத்தில்தான்.

பிறகு இருவரும் ஊருக்குள் நடங்கள், இது சமதளம். என்னைக் கேட்டால் முழு நாளின் சாரமே இந்த முக்கால் மணி நேரம். இன்காக்கள் போட்ட அதே தெருக்கள், ஓரத்தில் அதே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, காஞ்சா எனப்படும் முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன, பேசுவது இன்காக்களின் மொழியான கெச்சுவா. சில முற்றங்களில் கினிப்பன்றிகள் ஓடும். அவை செல்லப்பிராணி அல்ல, விருந்துச் சமையலுக்கு. "அயியாஞ்சு" என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். படம் எடுக்கும்முன் கேளுங்கள்.

டிக்கெட் கணக்கு. இரண்டு இடங்களுக்கும் தனித்தனிச் சீட்டு கிடையாது, பொலேத்தோ தூரிஸ்திகோ என்ற கூட்டுச் சீட்டுதான். பல வருஷமாக முழுச் சீட்டு 130 சோல் (பெரு நாணயம்), 10 நாள் செல்லும். பள்ளத்தாக்கு மட்டும் என்றால் பகுதிச் சீட்டு 70 சோல், இரண்டே நாள். திரும்பும்போது குஸ்கோவில் சக்சாய்வாமான் என்ற இன்காக் கோட்டையும் பார்ப்பீர்கள் என்பதால் முழுச் சீட்டே வாங்குங்கள். ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள்.

சரி, நெசவு. சிஞ்சேரோதான் அதற்கு ஊர், ஆனால் அது குஸ்கோவையும்விட உயரம், 3,700 மீட்டருக்கு மேல், அதனால்தான் முதல் இரண்டு நாளில் வேண்டாம் என்கிறேன். மச்சு பிச்சு முடிந்து ஒயாந்தாய்தம்போவிலிருந்து குஸ்கோ திரும்பும் சாலை சிஞ்சேரோ வழியாகவே போகிறது. டாக்சிக்காரரிடம் அங்கே இரண்டு மணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். இடுப்பில் பட்டை கட்டி, தறியின் மறுமுனையைக் கம்பத்தில் மாட்டி, உடம்பாலேயே பாவு நூலை இழுத்துப் பிடித்து நெய்வார்கள். சாயத்துக்கான பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டுவார்கள், ரத்தச் சிவப்பு. சப்பாத்திக்கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சி அது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் இந்தச் சாயத்துக்காகவே நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தார். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் சிவப்பு ஆரஞ்சாக மாறும், அதைக் கண்முன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பெரிய போர்வைக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது, பேரம் பேசும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாராஸ் உப்புப் பாத்திகளும் மொராய் வட்டப் படிகளும் தவறிப்போகிறதே என்றால், அதே திரும்பும் நாளில் மாராஸை மட்டும் சேர்க்கலாம், அதற்குத் தனிச் சீட்டு. இப்போது பாத்திகளுக்கு நடுவே நடக்க விடுவதில்லை, மேலிருந்து பார்ப்பதுதான். மொராயை விட்டுவிடுங்கள், இறங்கி ஏறும் இடம், முழங்கால் திட்டும்.

மீதி சில்லறை விஷயங்கள். உங்கள் அமெரிக்க விசாவுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டோடு பெருவுக்குத் தனி விசா தேவையில்லை, கிளம்பும்முன் பெரு தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். ஜூலை அங்கே மழையில்லாக் குளிர்காலம், பகலில் வெயில் தோலை உரிக்கும், விடியலில் கம்பளிச் சட்டை இல்லாமல் முடியாது. ரயிலில் பெரிய பெட்டி ஏற்ற மாட்டார்கள், ஒயாந்தாய்தம்போவிலேயே ஒரு ஓட்டலில் விட்டுப் போகலாம்.

ஓட்டலில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். பெருவில் சட்டப்படி சரி, தாராளமாகக் குடியுங்கள், போதை ஏதும் வராது. ஆனால் அந்த இலையோ தேநீர்ப் பையோ ஒன்றுகூட டல்லாஸ் விமானத்தில் உங்களோடு ஏறக்கூடாது, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். கைப்பையின் பக்கவாட்டுப் பையில் மறந்துபோய்க் கிடக்கும், கிளம்பும் அன்று காலை ஒரு தடவை உதறிப் பார்த்துவிடுங்கள்.