அடுத்தவர் பெயரில் இருக்கும் கேம்ப்கிரவுண்ட் புக்கிங்கை வாங்கலாமா?

வாசகர் கேள்வி: மிச்சிகனில் கேண்டனில் இருக்கிறோம். செப்டம்பர் முதல் திங்களை ஒட்டி வரும் லேபர் டே விடுமுறைக்கு ஹியாவத்தா தேசிய வனத்தில் இருக்கும் பீட்ஸ் லேக் கேம்ப்கிரவுண்டில் மூன்று இரவு தங்க ஆசை. நாங்கள் ஏழு பேர், நண்பர் குடும்பம் நாலு பேர். இடம் காலி இல்லை. எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர், தன்னிடம் இரண்டு சைட் (கூடாரம் போடும் இடம்) இருக்கிறது, இரவுக்கு 60 டாலர் கொடுத்தால் மாற்றித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? எங்களிடம் தேசியப் பூங்காக்களுக்கான 80 டாலர் வருடப் பாஸ் இருக்கிறது, அது செல்லுமா? மாமனாருக்கு 68 வயது, மாமியாருக்கு 64, இருவருக்கும் கிரீன் கார்டு. என் அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். "ரஸ்டிக்" என்று போட்டிருக்கிறதே, பெரியவர்களால் சமாளிக்க முடியுமா? கரடி வருமா?

பதில்:

வாங்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணம் அனுப்பும் வசதியில் அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றே அவரிடம் பேசித் திரும்பக் கேளுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

வனத்துறை கேம்ப்கிரவுண்ட் முன்பதிவு ரயில் டிக்கெட் மாதிரி ஒரு பெயரோடு கட்டப்பட்டது. அதை இன்னொருவருக்கு விற்பதற்கு விதியில் இடமே இல்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்பவர் தன் கையில் இருக்கும் பட்டியலைப் பார்ப்பார், பெயரைக் கேட்பார், அடையாள அட்டை கேட்டாலும் கேட்பார். நான் ஆறு கோடைக்காலம் தன்னார்வலராக ஒரு கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொண்டவன். ஒரு ஜூலை 4 விடுமுறைக்கு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பின்சீட்டில் இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்க ஒரு குடும்பம் வந்து நின்றது. கையில் இருந்தது யாரோ அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட். அந்தப் புக்கிங் இரண்டு நாளுக்கு முன்பே ரத்தாகி, இடம் வேறொருவருக்குப் போய், அவர் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டும் முடித்துவிட்டார். விற்றவர் பணத்தையும் வாங்கிக்கொண்டு, ரத்து செய்து அரசாங்கத்திடம் இருந்தும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் குடும்பத்தை அந்த இருட்டில் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, அது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

உங்கள் குழுவில் இருப்பவர் அப்படிப்பட்டவர் இல்லை, நல்ல மனிதர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கணக்கு உதைக்கிறது. இந்த மாதிரி இடத்தில் ஒரு இரவுக் கட்டணம் 20, 25 டாலர் சுற்றித்தான் இருக்கும். ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசாங்க முன்பதிவுத் தளத்தில் ஒரு முன்பதிவுக்கு 8 டாலர் சேவைக் கட்டணம். அவர் கேட்பதோ இரவுக்கு 60, இரண்டு சைட், மூன்று இரவு: 360 டாலர். பாதிக்கு மேல் அவர் பைக்குப் போகிறது. அது வரிப்பணத்தில் நடக்கும் பொது நிலம். அதை ஆறு மாதம் முன்பே பிடித்து வைத்துக்கொண்டு, நம்மவர்களிடமே இரண்டு மடங்குக்கு மேல் விற்பதைச் சேவை என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

இந்த ஆட்கள் முளைப்பதற்கு முன்பதிவு ஏற்பாடும் ஒரு காரணம். ஆறு மாதம் முன்பு, கிழக்கு நேரம் காலை பத்து மணிக்கு இடம் திறக்கும். திறந்த சில நிமிடங்களில் நீண்ட விடுமுறை நாட்களுக்கான இடங்கள் தீர்ந்துவிடும். அடுத்த மாதம் மாமனார் முட்டிவலி எப்படி இருக்கும் என்று கூடத் தெரியாத ஒரு குடும்பம் ஆறு மாதம் முன்பே செப்டம்பரை எப்படித் திட்டமிடும்? பிடித்து வைத்துவிட்டுக் கடைசியில் ரத்து செய்பவருக்கோ 10 டாலர்தான் அபராதம், வருகிற நாளிலோ முந்தின நாளிலோ ரத்து செய்தால் அதோடு முதல் இரவுக் கட்டணமும் போகும், அவ்வளவுதான். விடுமுறை நாளில் பத்து சைட் பதுக்குபவருக்கு அது ஒரு பொருட்டா? இதை மாற்றச் சொல்லி எழுதாத ஆள் இல்லை, எதுவும் நகர்ந்தபாடில்லை.

சரி, நேர்வழி என்ன? அந்தத் தளத்திலேயே, உங்களுக்கு வேண்டிய தேதியில் இடம் காலியானால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் வசதி இருக்கிறது. காசு கிடையாது. இதையே செய்துதருகிறேன் என்று மாதச் சந்தா வாங்கும் செயலிகளும் இருக்கின்றன, அவை தேவையில்லை. விடுமுறைக்கு முந்தின பத்து நாளில் ரத்துகள் நிறைய வரும், காலையும் மாலையும் ஒருமுறை பாருங்கள். நீண்ட விடுமுறைக்குப் பல இடங்களில் மூன்று இரவும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி உண்டு, அதனால் இரண்டு இரவு மட்டும் தேடினால் காலி இல்லை என்றே காட்டலாம். ஹியாவத்தாவில் முன்பதிவே இல்லாத, முதலில் வருபவருக்கு முதலில் என்கிற கேம்ப்கிரவுண்டுகளும் இருக்கின்றன. அங்கே லேபர் டேக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இடம் தேடுவது வீண், வியாழன் மதியத்துக்குள் போக வேண்டும். உண்மையில் நான் சொல்லுவது, அந்த விடுமுறையை விட்டுவிட்டு அதற்கு அடுத்த வாரம் போங்கள். கூட்டம் வடிந்திருக்கும், கொசுவும் குறைந்திருக்கும், ஏரியில் லூன் பறவை கூவுவது கூடாரத்துக்குள் கேட்கும். பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவு எழுதிக் கொடுங்கள்.

அடுத்து பாஸ். உங்கள் 80 டாலர் பாஸ் கேம்பிங் கட்டணத்துக்குச் செல்லாது. பக்கத்தில் மியூனிசிங் ஊரை ஒட்டி இருக்கும் பிக்சர்ட் ராக்ஸுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, அங்கே இது செல்லும். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பூங்காத் துறையின் இடம். பீட்ஸ் லேக் வேளாண் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் வனத்துறையின் இடம். மிச்சிகன் கார் நம்பர் பிளேட்டோடு வாங்கும் ரிக்ரியேஷன் பாஸ்போர்ட் மாநிலப் பூங்காக்களுக்கு, அது மூன்றாவது கதை. ஒரே காட்டில் நிற்கிறோம் என்றுதான் நமக்குத் தெரியும், இத்தனை கவுன்டர் எதற்கு என்று எனக்கும் இத்தனை வருடத்தில் புரியவில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் பாதிக் கட்டணம் கிடைக்க ஒரு வழி இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் தப்பாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்கிறார்கள். 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் சீனியர் பாஸ் உண்டு. ஆயுள் பாஸ் 80 டாலர், ஒரு வருடத்துக்கு மட்டும் என்றால் 20 டாலர், நாலு வருடம் தொடர்ந்து வாங்கிய 20 டாலர் பாஸைக் கொடுத்து ஆயுள் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பாஸுக்குப் பெரும்பாலான வனத்துறை கேம்ப்கிரவுண்டுகளில் கேம்பிங் கட்டணம் பாதி. உங்கள் மாமனார், மாமியார் இருவருக்கும் தகுதி இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு, அவருக்கு 62க்கு மேல் வயது இருந்தாலும், விசிட்டர் விசா என்பதால் இல்லை. வயது மட்டும் போதும் என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது சிக்கலான இடம். பாஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அங்கே தங்க வேண்டும், அவர் தங்கும் சைட்டுக்கு மட்டும்தான் பாதி. மாமனார் உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் அவர் பாஸைக் கொண்டுபோய்க் காட்டி நீங்கள் சலுகை வாங்க முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டு சைட், ஏனென்றால் ஒரு சைட்டில் பொதுவாக 8 பேர்தான், நீங்கள் பதினொரு பேர். அந்த இரண்டில் மாமனார் படுக்கிற சைட்டுக்குப் பாதி, நண்பர் சைட்டுக்கு முழுக் கட்டணம். அதற்கும் பாதி வேண்டும் என்றால் மாமியார் தனியாகப் பாஸ் வாங்கி நண்பர் குடும்பத்தோடு போய்ப் படுக்க வேண்டும், சும்மா பெயருக்குப் போட முடியாது. அந்த வம்பு வேண்டாம். 8 டாலர் சேவைக் கட்டணத்துக்குத் தள்ளுபடி கிடையாது. இரவுக்கு 24 டாலர் என்று வைத்தால் மூன்று இரவுக்கு 72, அதில் பாதி 36 மிச்சம், 20 டாலர் பாஸ் முதல் பயணத்திலேயே கட்டுப்படியாகிறது. முன்பதிவு செய்யும்போது பாஸ் எண்ணைப் போட்டுவிட்டு, போகும்போது பாஸையும் மாமனாரின் அடையாள அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

ரஸ்டிக் என்றதும் பயப்பட வேண்டாம். மின்சாரம் இல்லை, ஷவர் இல்லை, ஃப்ளஷ் இல்லை. கார் நிறுத்த இடம், மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம், தண்ணீருக்கு அடிபம்பு, நடக்கும் தூரத்தில் குழிக் கழிப்பறை. அந்தக் கழிப்பறை உட்காரும் உயரத்தில் இருக்கிறது, முட்டிவலிக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, விளக்கும் தண்ணீரும்தான் உள்ளே இருக்காது. ஒரு சின்ன வாளி, மக், தலையில் மாட்டும் டார்ச் எடுத்துப் போங்கள். டயபரையும் ஈரத்தாளையும் குழியில் போடாதீர்கள், உறிஞ்சி எடுக்க வரும் லாரியின் குழாய் அடைத்துக்கொள்ளும். சைட் எடுக்கும்போது வரைபடத்தில் கழிப்பறைக்கு நேர் பக்கத்து எண்ணை எடுக்காமல் இரண்டு மூன்று தள்ளி எடுங்கள். பம்பு பழுதாகி மூடியிருக்க வாய்ப்பு உண்டு, அதனால் வீட்டில் இருந்தே ஒரு 20 லிட்டர் கேன் நிறைய நீர் கொண்டு போய்விடுங்கள்.

பெரியவர்களுக்கு உண்மையான எதிரி குளிர். செப்டம்பரில் அங்கே பகலில் அரைக்கை சட்டை போதும், விடியற்காலையில் மூச்சு புகையாக வரும். தரையில் படுக்க வைக்காதீர்கள், மடக்குக் கட்டிலும் அதன்மேல் ஒரு பஞ்சுப் பாயும் வேண்டும். ஒன்று மட்டும் மிகக் கண்டிப்பாக: குளிருகிறது என்று கூடாரத்துக்குள் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கொண்டு போகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கரடி இருக்கிறது, கருங்கரடி. அதற்கு உங்கள் மேல் ஆசை இல்லை, உங்கள் சாப்பாட்டு மேல்தான். எலுமிச்சை சாதம், ஊறுகாய், பிஸ்கட், பல்பொடி, தேங்காயெண்ணெய் வரை வாசனை உள்ள எல்லாமே ராத்திரி காருக்குள், கண்ணாடி ஏற்றிப் பூட்டி. கூடாரத்துக்குள் குழந்தைக்கு என்று ஒரு சாக்லேட் கூட வேண்டாம். கூலர் பெட்டி கரடிக்கு ஒரு பெட்டியே இல்லை, அதை வெளியே மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். பாத்திரத்தை அடிபம்பு அடியில் கழுவாதீர்கள்.

கடைசியாக விறகு. கேண்டனில் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மரம் இருக்கிறதே என்று டிக்கியில் ஏற்றிக்கொண்டு, மிச்சிகனின் தென் பகுதியையும் வட பகுதியையும் இணைக்கும் மாக்கினாக் பாலம் தாண்டாதீர்கள். மரகத நிறத்தில் ஒரு சின்ன வண்டு, அதன் புழு மரப்பட்டைக்கு அடியில் இருந்து ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது. இந்த நாட்டில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2002இல், உங்கள் டெட்ராய்ட் பகுதியில்தான். தானாகப் பறந்து அது அதிக தூரம் போகாது, விறகுக் கட்டில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயிற்று. வெப்பத்தில் பதப்படுத்தியது என்று முத்திரை போட்ட கட்டை வாங்குங்கள், இல்லையென்றால் மியூனிசிங் போய் அங்கேயே வாங்குங்கள். வழியில் பாலத்துக்குத் தெற்கே "5 டாலர்" பலகை வைத்து விற்பவரிடம் மலிவாக இருக்கிறதே என்று நிறுத்தாதீர்கள்.

கேண்டனில் இருந்து ஆறரை, ஏழு மணி நேர ஓட்டம், பெரியவர்களோடு எட்டு என்று வையுங்கள். விடிகாலை கிளம்பினால் வெளிச்சத்திலேயே கூடாரம் போட்டுவிடலாம். ஏரிப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது, அதனால் புக்கிங் உறுதிச் சீட்டையும் வழி வரைபடத்தையும் தாளில் அச்செடுத்துக் கொள்ளுங்கள். அந்தச் சீட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.